வலப்பக்கம் ஒன்றுமில்லை

"வலப்பக்கம், ஒண்ணுமில்ல!" என்றார் என் கணவர் டோகுஜி. அவருடைய ஆள்காட்டி விரல் என் மூக்கைத் தாண்டி வலதுபக்க ஜன்னல் கண்ணாடியைக் காட்டி நின்றது. பிறகு விமானத்தை அந்தப் பக்கம் சாய்த்தார். கண்ணால் பார்த்து, விரலால் காட்டி, வாயால் சொல்வது. எங்கள் ஊரில் ரயில் ஓட்டுபவர்களும் அப்படித்தான். முப்பத்தொரு வருடப் பழக்கம் என்பதால் வீட்டில் அடுப்பை அணைத்தால்கூட விரலை நீட்டி "அடுப்பு, அணைஞ்சாச்சு!" என்பார். நான் அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்று கேலி செய்வேன்.

கீழே தோனே ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம். நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பி அணிந்து, மைதானத்தில் 150 என்ற வடிவில் நின்று மேலே பார்த்துக் கையசைத்தார்கள். மேலிருந்து படமெடுப்பது என் வேலை, ஓட்டுவது அவர் வேலை. எங்கள் கம்பெனியில் நாங்கள் இரண்டே பேர்தான்.

கேமராவைத் தூக்கும்போது கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன். பூச்சி மோதிய கறை என்று நினைத்து விரலால் தேய்த்தேன். போகவில்லை. நகரவும் இல்லை. அவர்தான் ஒன்றுமில்லை என்றுவிட்டாரே என்று கேமராவில் கண்ணை வைத்தேன். மறுபடி நிமிர்ந்தபோது புள்ளிக்கு இறக்கை முளைத்திருந்தது. எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர். அதை ஓட்டியவரின் வெள்ளைத் தொப்பியும் திறந்த வாயும் தெரிந்தன. அவர் கிளைடரின் மூக்கை உயர்த்தி எங்கள் தலைக்கு மேலே பறந்தார். எங்கள் விமானம் குலுங்கியது. கீழே பிள்ளைகள் இன்னும் உற்சாகமாகக் கையசைத்தார்கள்.

கிளைடர் இடப்பக்கம் போன பிறகுதான் டோகுஜி, "என்னது அது?" என்றார்.

வீட்டுக்கு வந்து டீ போட்டு வைத்தேன். பேச்சை நானே ஆரம்பித்தேன்.

"நான் அதை முன்னாடியே பாத்தேன். நகராம ஒரே எடத்துல நின்னுச்சு."

"பாத்தியா? நகராம நின்னா நம்ம மேல மோத வருதுன்னு அர்த்தம். அப்ப ஏன் சொல்லல சுமியே?"

"நீங்கதான் ஒண்ணுமில்லன்னீங்களே!"

அவர் டீக்கோப்பைக்குக் கை நீட்டினார். நான் வேண்டுமென்றே அதை அவருக்கு வலப்பக்கம் வைத்திருந்தேன். கை மேசையைத் தடவித் தடவிப் போனது. இந்த வருடத்தில் எத்தனை முறை சூப்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருப்பார்! வயசாகிவிட்டது என்று துடைத்துக்கொண்டே இருந்தேனே, என்ன மடச்சி நான்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா. அந்தப் பக்கப் பார்வை கொஞ்சங்கொஞ்சமாப் போகுது. வெளியூர் டாக்டர்ட்ட காட்டினேன். போனது வராதாம்."

"லைசென்ஸ் குடுத்தவங்கள்ட்ட சொல்லிட்டு ஓட்டறத விட்டுருங்க. போதும்."

"லைசென்ஸ் போயிட்டா அப்புறம் நான் யாரு?"

"உயிரோட இருக்கற ஆளு."

"அவ்வளவுதானே," என்றார். நான் கோப்பையை அவருக்கு இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் கிளைடர்காரர் போன் செய்தார். எங்கள் இறக்கையின் மேலே எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்து எண்ணைத் தேடிப் பிடித்தாராம். ஒரு பல் டாக்டர். "நான்தான் சரியா கவனிக்கல, பெரிய தப்பு. மன்னிச்சிருங்க," என்று எங்களைக் காப்பாற்றியவரே கெஞ்சினார். டோகுஜி போனைப் பிடித்தபடி எழுந்து நின்று, சுவரைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார். "இல்லீங்க, எங்க பக்கமும் தப்புதாங்க. இனிமே ரெண்டு பேரும் கவனமா இருப்போம்," என்றார். மறுபடி குனிந்தார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் போனை வாங்கி நான் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை.

அவருக்கு வலது கண்ணாக நான் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்துப் பறந்த மூன்று நாளும் ஒவ்வொரு புள்ளிக்கும் கத்தினேன். எல்லாம் ஆற்றங்கரைக் கொக்குகள். "கொக்குக்கெல்லாம் கத்துனா எனக்கு நெஞ்சு நின்னுரும்டி," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். படம் எடுக்கும் நேரத்தில் என் கண் கேமராவுக்குள் இருக்கும், அப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்க யாருமே இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இன்று வேறொரு பள்ளிக்கூடம். கிளம்பும் முன் வலதுபக்கக் கண்ணாடியை நானே ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன். விரலை நீட்டி, "கண்ணாடி, சுத்தம்!" என்றேன். ஒரு பொட்டுக் கறை இல்லை.

கீழே சிவப்புத் தொப்பிகள் கூடி ஒரு பெரிய பூவாக விரிந்தன. நான் கேமராவைத் தூக்கினேன்.

"வலப்பக்கம், ஒண்ணுமில்ல!"

அவர் விரல் என் மூக்கைத் தாண்டி நீண்டது. விரல் நுனிக்கு நேரே, கண்ணாடியில், ஒரு வெள்ளைப் புள்ளி. அசையவில்லை.