ஏகாம்பரத்தின் இலை

விருந்தாளியை நிற்கவைத்துப் பார்க்கத் தமிழ் வாத்தியார் பொன்னுதுரைக்கு மனசு வரவில்லை. மலாக்கா நகரின் காஜா பெராங் தெருவில், மலாக்காச் செட்டி வம்சத்துக் கமலவேணியின் வீட்டு உள்ளறையில், சோறும் மீன் குழம்பும் பரிமாறிய இலைகள் ஆளில்லாமல் கிடந்தன. “உட்காருங்க சார், நம்ம வீடு மாதிரி,” என்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் கலியாணசுந்தரத்தைத் தோளில் அழுத்தாத குறையாக நடு இலையில் உட்காரவைத்தார். பேராசிரியரும் பசியோடு மீனைப் பிட்டு வாயில் போட்டார்.

சாம்பிராணியோடு வந்த கமலவேணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் செத்துப்போனவர்களுக்குப் படைப்பது செட்டிமார் வழக்கம். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உயிரோடிருப்பவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். பொன்னுதுரைக்கு இது தெரியாது. தெரியாதது குற்றமில்லை. ஆனால், ‘இம்மக்களின் பழக்கவழக்கங்களை நன்கறிந்தவன்’ என்று பல்கலைக்கழகத்துக்கு வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது. பல்கலைக்கழகத்தில் ஆசிய நாடுகளைப் பற்றிப் புதுப் படிப்பு தொடங்கப்போகிறார்கள். பேச்சில் தமிழ் போய் மலாய் வந்தும் சாமியை விடாத இந்தச் செட்டிகளுக்கு அதில் ஒரு பாடம் வேண்டும். இல்லாவிட்டால் புது நாட்டில் இவர்களை யார் கண்டுகொள்வார்கள்? இந்தக் கவலையில் பொன்னுதுரைக்குத் தூக்கமே போயிற்று. போதாக்குறைக்கு, “உங்களைப் பற்றிப் பாடம் வரப்போகுது” என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

“மாஸ்டர், அது என் புருஷன் ஏகாம்பரத்தோட இலை,” என்றாள் கமலவேணி மலாயில்.

பேராசிரியருக்கு மலாய் தெரியாது. “அம்மா என்ன சொல்றாங்க?”

“மீன் எப்படியிருக்குன்னு கேக்கறாங்க சார்.”

“பிரமாதம்னு சொல்லுங்க!”

கமலவேணி சத்தம் போடவில்லை. “பசியோட வந்தவர், சாப்பிடட்டும். என் புருஷனுக்கு வேற இலை போடறேன், கோவிச்சுக்க மாட்டார். எங்க பாடம் வருமான்னு மட்டும் கேளுங்க மாஸ்டர்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“சார், பாடம் வருமான்னு...”

“பார்க்கலாம், பார்க்கலாம்.” தம்பின் ரயில் ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து பேராசிரியர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொன்னுதுரை உடைந்துபோனார். “சார், நீங்க சாப்பிடறது இவங்க வீட்டுக்காரருக்குப் படைச்சது. அவர் செத்து ஒரு வருஷம்தான் ஆகுது. உட்காரவெச்ச முட்டாள் நான். அப்பவும் இந்தம்மா பாடத்தைத்தான் கேக்கறாங்க. உங்க காலைப் பிடிக்கறேன், ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க!”

பேராசிரியரின் கை இலையிலேயே நின்றது. கமலவேணி புது இலையைத் துடைப்பதைப் பார்த்தார்.

“வராது, வாத்தியாரே,” என்றார். “போன மாசமே முடிவு பண்ணியாச்சு. இந்தியாவுக்கு நான், சீனாவுக்கு ஒருத்தர், மலாய்க்கு ஒருத்தர். இவங்க யார் பக்கம்னு கூட்டத்துல கேட்டாங்க, ஆளாளுக்குத் தள்ளிவிட்டோம். முதல்ல தள்ளினது நான்தான். தமிழ் பேசாதவங்களை என் துறையில எங்க வைக்கிறதுன்னேன். அதைக் கடுதாசியில எழுதக் கூச்சமா இருந்தது. நேர்ல சொல்லத்தான் வந்தேன்.”