ஸதகாச் சேவல்

மஸூதாவுக்கு அந்தப் பிராந்துப் பருந்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துப் பனி இறங்கிவரும் டிசம்பர் காலைகளில், கிணற்றடி ஈரப்பலா மரத்தின் பட்ட கொப்பில் குந்திக்கொண்டு, வீட்டுக்காரன் மாதிரி முற்றத்தை நோட்டம் விடும். கோழிக்குஞ்சுகளில் பாதி அதன் வயிற்றுக்குள்தான் போயிருந்தன.

ஆனால் இப்போது அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை. வயலில் சேறு மிதித்து எலிக்காய்ச்சல் வந்து, மௌத்தின் வாசல்வரை போய்த் திரும்பிய புருஷன் ஸெய்னுலாப்தீன், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். சாப்பிடாவிட்டால் மறுபடியும் வார்டுதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கஞ்சி, சூப், முட்டை, எதுவும் இறங்கவில்லை.

"யா அல்லாஹ், இந்த மனுசன் வயிறாரத் தின்டா, செஞ்சேவல பீபிக்கு ஸதகா தர்மமாக் குடுக்கிறேன்" என்று மஸூதா நேர்ந்து நிய்யத்து வைத்தாள். பீபி பக்கத்து வீட்டில் பிள்ளைகளோடு தனியாகக் கஷ்டப்படுகிறவள்.

அன்று காலை பிராந்து வந்ததும் மஸூதா கல்லை எடுத்தாள்.

"சும்மா இரு புள்ள" என்றார் ஸெய்னுலாப்தீன், ஜன்னலோரக் கட்டிலிலிருந்து. "அது என்னமோ பாத்துக்கிட்டு இருக்கு."

தூறலில் ஊறிப்போய் உட்கார்ந்திருந்த பிராந்து தலையை மட்டும் சாய்த்தது. சட்டென்று மிளகுக்கொடிப் பக்கம் விழுந்து, ஒன்றும் அகப்படாமல் எழுந்தது. மறுபடியும் கொப்பு, மறுபடியும் காத்திருப்பு. அடுத்த தடவை அதன் காலில் ஒரு கொழுத்த வயல் எலி. கொப்பில் வைத்து மிதித்து, கிழித்து, வாலையும் விடாமல் விழுங்கியது.

ஸெய்னுலாப்தீன் சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"என்னப் படுக்க வெச்ச கூட்டத்தில ஒருத்தன் போயிட்டான்! எப்புடி ருசிச்சுத் தின்னுது பாரு... புள்ள, எனக்கும் பசிக்குதே. என்ன இருக்கு?"

மஸூதா அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினாள். சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் வந்தன. மனுஷன் பீங்கானை வழித்துச் சாப்பிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் எத்தனை தடவை சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

நிய்யத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பின்னேரம் சேவலின் காலைக் கட்டக் கயிறு எடுத்துவர உள்ளே போனாள். வந்து பார்த்தால் முற்றத்தில் சிவப்பு இறகுகள்தான் கிடந்தன. கொப்பில் பிராந்து சேவலைக் கிழித்துத் தின்னத் தொடங்கியிருந்தது.

"அட படுபாவி! ஸதகாச் சேவல்!" என்று கல்லை ஓங்கினாள்.

உள்ளேயிருந்து ஸெய்னுலாப்தீனின் குரல் கேட்டது. "புள்ள, பகல் சோறு மிச்சம் இருக்கா?"

ஓங்கிய கை இறங்கியது. கல்லைக் கீழே போட்டுவிட்டு மேலே கொப்பைப் பார்த்தாள்.

"பீபிக்கு முட்டையிடுற கறுப்புக் கோழியக் குடுத்துக்கிறேன். நீ தின்னு. ஒன் வாயப் பாத்துத்தானே எங்க ஊட்டு மனுசன் வாயத் தெறந்தாரு."