தழும்பு

சூடு ஆறாத விரிப்புகளை மூத்தவள் மேஜையில் உதறிப் போட்டு இஸ்திரி இழுத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு விரிப்பு முடிந்ததும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஓட்டல்களுக்கு வெளுத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு காலத்தில் வேகத்துக்குப் பேர் போனவள் அவள்.

"உன்னைத் தேடி ஆள் வந்திருக்கு. உன் பொண்ணா?" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார்.

வாசலில் நின்றது தங்கை. இருவரும் இரட்டைப் பிள்ளைகள். இளம்வயதில் இதே கூடத்தில் எதிரெதிர் மேஜையில் நின்றவர்கள். பணக்கார நாடொன்றின் ஆஸ்பத்திரிக்குச் சலவை ஆள் எடுக்க வந்தவர்கள் இருவரையும்தான் கூப்பிட்டார்கள். படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு ஒருத்தி வேண்டியிருந்தது. மூத்தவள் நின்றுவிட்டாள்.

தங்கை அங்கேயும் விரிப்புதான் தேய்க்கிறாள். மூத்தவளால் தாங்க முடியாதது அதுதான். ராணியாக வாழ்ந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

வீட்டில் தங்கை வாய் ஓயாமல் பேசினாள். அவள் பற்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருப்பதையே மூத்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிட்டயர் ஆனதும் நீச்சல் கத்துக்கப் போறேன்க்கா. எங்க மாடிவீட்டம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிடுச்சு. அவங்களே தினம் நீந்துறாங்க."

"அவ்வளவு நாள் இருந்து என்னத்த வெட்டி முறிக்கிறாங்களாம்?"

வாய் சிரித்தது, வயிறு எரிந்தது. இங்கே மூத்தவளோடு இஸ்திரி போட்டவர்களில் ரிட்டயர் ஆகும் வயதைக் கண்டவர் யாருமில்லை.

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்ததைத் தங்கை கவனித்தாள்.

"எனக்கும் இப்படித்தான்க்கா வாங்குச்சு. படம் எடுத்துப் பாத்து, நெஞ்சுல வால்வு சரியில்லன்னு ஆபரேஷன் பண்ணினாங்க. காசே கேக்கல. எனக்கு வந்தது உனக்கும் இருக்கும். நாளைக்கே காட்டிடலாம்."

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்தார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த வேகத்தில் எடுத்தார். மூத்தவளை விட்டுவிட்டுத் தங்கையிடம் பேசினார்.

"அம்மாவுக்கு வயசாச்சுல்ல? மூச்சு வாங்கத்தான் செய்யும். சத்து மாத்திரை தரேன். வேலை கீலைன்னு அலைய விடாதீங்க."

"அம்மா இல்ல டாக்டர், அக்கா! நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. எனக்கு வால்வு ஆபரேஷன் ஆயிருக்கு. இவளுக்கும் படம் எடுத்துப் பாருங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நல்ல தமாஷும்மா. படம் எடுக்கிற மெஷின் இங்க கிடையாது. தலைநகரத்துக்கு எழுதித் தரலாம். சின்ன வயசுக்காரங்களே அங்க வருஷக்கணக்குல காத்திருக்காங்க." மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இறங்கும்போது பாதிப் படியிலேயே மூத்தவள் உட்கார்ந்துவிட்டாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அழாதடி. எங்க, உன் தழும்பைக் காட்டு."

தங்கை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கழுத்துத் துணியைச் சற்று விலக்கினாள். நடு நெஞ்சில் நேராக இறங்கியது ஒரு வெளிறிய கோடு. அடுத்தவள் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பதுபோல மூத்தவள் அதை விரலால் தடவினாள்.

"நல்லாத்தான் தச்சிருக்கான்," என்றாள்.

பிறகு அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். வடு எதுவுமில்லாத தோல், உள்ளங்கைக்குக் கீழே ஏறி ஏறி இறங்கியது.