ஏழு நதியின் இருட்டு

புதிதாக எது வந்தாலும் நான் முதலில் தட்டிப் பார்ப்பேன். செங்கல் லாரி வந்து நின்றால் மேஸ்திரிக்கு முன்னால் நான் போய் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று மோதிப் பார்த்துவிடுவேன். வெந்த கல் கணீர் என்னும். வேகாத கல் மொத்தென்று கிடக்கும். இந்தச் சந்தேகப் புத்தியால்தான் தோவா அக்கா அந்த வேலையை என் தலையில் கட்டினாள்.

தாய் பின் என்கிற எங்கள் ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தோவா அக்காவுக்கு நெட் கடை. மழை பெய்தால் கட்டட வேலை நிற்கும். வேலை நின்றால் சைட்டில் இருக்கிற பாதிப் பேர் அங்கேதான் இருப்போம். வருகிற எல்லோருக்கும் ஒரே கம்ப்யூட்டர் ஆட்டம்தான், ஏழு நதி. ஆளுக்கு ஒரு குடியிருப்பு, நாலைந்து குடியானவர்கள், ஒரு குதிரைக்காரன். சுற்றிலும் கன்னங்கரேல் என்று இருட்டு. குதிரைக்காரன் போகப் போகத்தான் இருட்டு விலகிக் காடும் ஆறும் தெரியும். எதிராளி எந்த மூலையில் குடியேறியிருக்கிறான் என்று முதலில் கண்டுபிடிக்கிறவனுக்குப் பாதி ஜெயம். எங்களில் பலருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் வந்த ஆட்டம் அது. இன்னும் சலிக்கவில்லை.

"புது மெஷின் வருது ஹோய். அதுல உங்க பழசு ஓட மாட்டேங்குது, கலர் கலரா கோடு போடுது" என்றாள் தோவா அக்கா. ஹோய் என் பேர். "ஆளக் கூப்பிட்டு எப்படியாவது ஓட வெக்கலாம், ஆனா ஓயாத ரோதனை. இப்ப அதே ஆட்டத்தப் புதுசா செஞ்சு விட்டிருக்கான். ஆடிப் பாத்து ஒரு முடிவு சொல்லு."

"ஏன், நான்தான் கெடச்சேனா?"

"நீ குறை சொல்லாத பொருள் ஒண்ணு உண்டா? என் கடை நூடுல்ஸ்ல முட்டை சின்னதா இருக்குன்னவன் நீ. நீயே சரின்னுட்டா ஊருக்கே சரி."

பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த க்வாத், "புதுசெல்லாம் வேணாங்க்கா" என்றான். கேட்காமலே சொன்னான்.

க்வாத் வெல்டர். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒரே பைக்கில்தான் சைட்டுக்குப் போவோம். ஏழு நதியில் அவன்தான் என் ஜோடி. கடையில் அவனுக்குப் பேர் மூக்கன். எதிராளி எங்கே ஒளிந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவான். மாகாணப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் எதிர் அணி ஒரு காட்டு மூலைக்குள் இரண்டாவது ஊரே கட்டி வைத்திருந்தது. "தெக்க அனுப்புடா யானைய" என்றான் க்வாத். அனுப்பினேன். இருந்தது. ஜெயித்ததற்குக் கொடுத்த, தங்க ஜரிகை வைத்த சிவப்பு வெல்வெட்டுக் கொடி இன்னும் தோவா அக்கா தலைக்கு மேல்தான் தொங்குகிறது. வாழ்க்கையில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான். விருந்துகளில் என் மச்சினன் அதைச் சொல்லித்தான் என்னை நாலு பேருக்கு அறிமுகம் செய்வான்.

மூக்கனிடம் இரண்டு பழக்கம். உட்கார்ந்ததும் தன் பெரிய ஹெல்மெட்டைக் கழற்றி, நான் இருக்கிற பக்கம் ஸ்கிரீன் மூலையில் மாட்டிவிடுவான். கீழே வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். போட்டி நடந்த ஹாலிலும் அப்படித்தான் மாட்டினான். இரண்டாவது, ஆட்டம் தொடங்கியதும் திரையை நகர்த்தி நகர்த்தி, மவுஸை இருட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றுவான், சாமிக்கு ஊதுபத்தி காட்டுகிற மாதிரி. இவன் ஜெயிக்க ஜெயிக்க மற்றவர்களும் ராசி என்று அதையே பிடித்துக்கொண்டார்கள். இப்போது கடையில் யார் ஆட்டம் தொடங்கினாலும் முதலில் ஊதுபத்திதான்.

புதிய ஏழு நதியை நாலு மெஷினில் ஏற்றித் தந்தவன் லுயென். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கைக்கு இருக்கிற வேலையைவிட வாய்க்கு அதிகம்.

நான் தட்ட ஆரம்பித்தேன். தண்ணீர் ரொம்பப் பளபளத்தது. எங்கள் ஆற்றில் எந்தக் காலத்திலும் அப்படிப் பளபளத்தது கிடையாது. ஆடு கத்துகிற சத்தம் வேறு ஆடு. யானை வழுக்கிக்கொண்டு போனது. பழைய ஆட்டத்தில் யானை ஒரு அடி வைத்தால் நமக்கே பாரம் தெரியும். வீடு கட்டும்போது பழையதில் மூங்கில் சாரம் ஏறும், புதியதில் சாரமே இல்லாமல் சுவர் தானாக முளைத்தது.

"சாரம் இல்லாம எவன்டா சுவர் எழுப்புவான்?" என்றேன்.

"அண்ணே, நீ ஆட வந்தியா, இன்ஸ்பெக்‌ஷன் வந்தியா?" என்றான் லுயென்.

"குடியானவனுக்கு இதுலயும் டீ டைம் கெடையாது."

"இருந்தா உன்னய மாதிரி டீக்கடையே கதின்னு கெடப்பான். ஒரு வீடும் எழும்பாது."

போதாததற்கு, திரையில் மூலைக்கு மூலை எழுத்து. எனக்கு எழுத்து கைவந்ததே மீசை நரைக்கிற வயதில். பழைய ஆட்டம் எல்லாம் படம். இப்படி இண்டு இடுக்கெல்லாம் எழுதி வைக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. காண்ட்ராக்டர் நீட்டுகிற காகிதமும் இப்படித்தான் இருக்கும்.

மறுநாளும் மழை. நானும் க்வாத்தும் ஒரு பக்கம். லுயெனும் வாத்து விற்கிற மியெனும் எதிர்ப் பக்கம். எல்லோரும் ஊதுபத்தி காட்டிவிட்டு ஆரம்பித்தோம்.

"வடக்க போடா" என்றான் க்வாத். போனேன். வெறும் சதுப்பு. "அப்ப ஆத்துக்கு அந்தாண்ட." போனேன். ஒன்றும் இல்லை. நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே லுயெனின் தேர்ப்படை என் வயலுக்குள் வந்து இறங்கிவிட்டது. அடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்ததிலும் மூக்கன் காட்டிய திசையில் மான் கூட்டம்தான் நின்றது.

"மூக்கா, சளி பிடிச்சிருக்கா?" என்று மியென் எழுந்து நின்று சிரித்தான்.

க்வாத் சிரிக்கவில்லை. "இதுல என்னமோ இருக்கு. இவனுக்கு மட்டும் இருட்டு தெறந்து கெடக்கு. ஏத்தினவன் இவன்தானே?"

கடையே லுயெனைப் பார்த்தது. எனக்கும் சந்தேகம்தான். அடுத்த ஆட்டத்தில் நான் ஆடாமல் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"கழுத்துல மூச்சு விடாதண்ணே, பூண்டு நாத்தம்" என்றான் அவன்.

ஆட்டம் முழுக்கக் கண் கொட்டாமல் பார்த்தேன். அவன் திரையும் கருப்புதான். குதிரைக்காரனைக் கரையோரமாக மெல்ல விட்டுத் தேடினான். இரண்டு முறை தப்பான மூலைக்குப் போய்த் திரும்பி வந்தான். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அப்படியானால் கோளாறு ஆட்டத்திலா? பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தட்டினால்தான் தெரியும் என்று நினைத்தேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ஓரத்து மெஷினில் பழைய ஏழு நதியைத் தனியாகப் போட்டேன், எதிரிக்குக் கம்ப்யூட்டரையே வைத்துக்கொண்டு. குதிரைக்காரனை மவுஸால் தட்டிப் பிடித்தேன். அவனை எங்காவது அனுப்பவேண்டும் என்றால் ஓரத்தில் இருக்கிற சின்ன மேப்பில்தான் தொடுவோம், அதுதான் சீக்கிரம். தொடப் போகும்போதுதான் ஊதுபத்தி காட்டவில்லையே என்று நினைவு வந்தது. குதிரைக்காரனை விடாமல் அப்படியே மவுஸை இருட்டின் மேல் சுற்றினேன்.

ஓர் இடத்தில் அம்புக்குறி வாளாக மாறியது.

கையை நகர்த்தினேன். மறுபடி அம்பு. திரும்ப அதே இடத்துக்கு வந்தேன். மறுபடி வாள். எதிரியின் மேல் போனால்தான் அம்பு வாளாகும். திரையில் கருப்பைத் தவிர ஒன்றுமில்லை. குதிரைக்காரனை அங்கேயே அனுப்பினேன். இருட்டு விலகியது. எதிராளியின் களஞ்சியம், பக்கத்தில் ஊர்.

குதிரைக்காரனைத் தட்டாமல் வெறும் மவுஸால் சுற்றிப் பார்த்தேன், நாங்கள் எல்லோரும் இத்தனை வருஷமாகச் சுற்றின மாதிரி. அம்பு அம்பாகவே இருந்தது. பிறகு புதிய ஆட்டத்தைப் போட்டு, குதிரைக்காரனைத் தட்டிக்கொண்டு, ஒரு மூலை விடாமல் சுற்றினேன். எங்கேயும் வாள் வரவில்லை. புதியதைச் செய்தவன் அந்த ஓட்டையை அடைத்துவிட்டிருக்கிறான்.

கல்லாவுக்கு மேலே கொடி தொங்கியது. நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

க்வாத் எதிரே ஐஸ் டீக் கடையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து மூங்கில் குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஊதுபத்தி காட்டறதுக்கு முன்னாடி குதிரைக்காரனைத் தட்டிக்குவியா?"

குழாயை வாய்வரை கொண்டுபோனவன் இழுக்கவில்லை. "தட்டுவேன். ஏன்?"

"அம்பு வாளா மாறும்ல."

"மாறும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொதல்லேர்ந்தே தெரியும். உனக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கடையே ஊதுபத்தி காட்டுதேடா! எல்லாரும் அதத்தான் பாக்கறாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் பாக்கறாங்க, நான் கொஞ்சம் வெரசா பாக்கறேன். அவ்ளோதான்."

"அப்ப மூக்குன்னு சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க. என் வாயால நான் என்னிக்காவது சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்து பழகின முகம், அதில் ஒன்றும் படிக்க முடியாது. நிஜமாகவே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பானோ? நினைத்திருக்கலாம். கடையில் எல்லாக் கையும் தினம் சுற்றத்தானே செய்தது. கல்லை மோதிப் பார்க்கிற மாதிரி அவன் பேச்சை மனசுக்குள் இரண்டு மூன்று தடவை மோதிப் பார்த்தேன். ஒரு தடவை கணீர் என்றது. ஒரு தடவை மொத்தென்றது.

"தோவாகிட்ட என்ன சொல்லப் போற?" என்றான். இப்போதுதான் குழாயை இழுத்தான். புகை நிறைய வந்தது.

"ஆட்டத்தப் பத்தித்தானே கேட்டா. ஆட்டத்தப் பத்திச் சொல்லுவேன்."

சாயங்காலம் எல்லோரும் கூடிவிட்டார்கள். தோவா அக்கா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "ம், சொல்லுங்க ஜட்ஜய்யா" என்றாள்.

"தண்ணி பொய். யானைக்கு எடையில்ல. ஆடு எந்த ஊர் ஆடுன்னே தெரியல. சாரம் இல்லாம சுவர் கட்டறான்."

"அப்ப வேணாங்கிற."

க்வாத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விதை கொறிப்பது நின்றிருந்தது. அவனுக்காக ஒரு வார்த்தை, வேணாம் என்று நான் சொன்னால் போதும். பழையது அப்படியே ஓடும், மூக்கனும் மூக்கனாகவே இருப்பான். என் கொடிக்கும் ஒன்றும் ஆகாது. வேணும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

"பூச்சுலதான் குறை. அஸ்திவாரம் சரியா இருக்கு" என்றேன். "புதுசுல இருட்டு இருட்டாவே இருக்கு. போடுக்கா."

லுயென் தொடையைத் தட்டிச் சிரித்தான். "இருட்டு இருட்டா இல்லாம ட்யூப்லைட் மாதிரியா இருக்கும்? ரெண்டு நாள் உக்காந்து கண்டுபிடிச்சது இதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. க்வாத் மட்டும் கையில் இருந்த விதைகளைத் திரும்பப் பொட்டலத்துக்குள் போட்டான்.

அதற்குப் பிறகு பைக்கில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. காற்று இரைச்சலில் முன்னேயும் அதிகம் பேசினதில்லை, ஆனால் இப்போது பேசாதது தெரிந்தது. புது மெஷின் வந்து இறங்கியது. வெயில் நாட்களாகவே போயின. பிறகு ஒரு நாள் காலையில் தூறல் பிடித்து, சைட்டில் கலவையை மூடிப்போட்டு, எல்லோரும் கடைக்கு ஓடினோம்.

மியென் திரும்பிப் பார்த்து, "மூக்கா, இன்னிக்காவது வாசனை வருதா?" என்றான்.

"சளி இன்னும் போகல" என்றான் க்வாத்.

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். புது ஸ்கிரீன் மெலிசு, அதில் ஹெல்மெட் நிற்காது என்று சொல்லலாம். ஆனால் அவன் மாட்டிப் பார்க்கவே இல்லை. குனிந்து நாற்காலிக்கு அடியில் தள்ளினான். நடைபாதைப் பக்கம், எவன் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஹெல்மெட் மறைக்காமல், அவன் திரை முழுக்க எனக்குத் தெரிந்தது. நான் பார்ப்பது அவனுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் ஊதுபத்தி காட்டவில்லை.

"நீ கெழக்க போ" என்றான் கொஞ்சம் கழித்து. "நான் மேக்க போய்ப் பாக்கறேன். எவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது."

கொடி இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தேன். பிறகு குதிரைக்காரனைத் தட்டிக் கிழக்கே அனுப்பினேன்.