ஏழாவது கை

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை, பயம். நாளை காலை எங்கள் ஊர் விமான அருங்காட்சியகத்தின் குழு கூடுகிறது. மேபல் என்கிற மஞ்சள் விமானத்தை இனியும் பறக்கவிடுவதா, கொட்டகைக்குள் நிரந்தரமாக நிறுத்திவிடுவதா என்று கை தூக்கிச் சொல்ல வேண்டும். குழுவில் ஏழு பேர். மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். ஏழாவது ஆள் நான். கதைக்கு ஒரு முடிவு கிடைத்தால் அதையே கூட்டத்துக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரு நப்பாசை.

2

'மானிடோபாவின் கோதுமை வயல்களுக்கு மேலே ஒரு மஞ்சள் பறவை' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். விமானத்தைப் பறவை என்று எழுதுகிறவனிடம் ஓட்டுரிமையைக் கொடுக்கக் கூடாது.

'போர்க்காலத்தில் எத்தனையோ பேருக்குப் பறக்கக் கற்றுத்தந்த மேபல்.' உண்மைதான். ஆனால் வாசலில் இருக்கும் பலகையிலேயே இது இருக்கிறது.

'டெல்மா கையுறையைக் கழற்றினாள்.' இது இருக்கட்டும்.

டெல்மா கையுறையைக் கழற்றினாள். மேபலை ஓட்டத் தெரிந்தவர்களில் எங்களுக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். நின்றுகொண்டிருக்கும் எஞ்சினில் எண்ணெய் இறங்கி அடியில் தேங்கியிருக்கும். அப்படியே முடுக்கினால் எஞ்சின் உடைந்துவிடும். அதனால் முதலில் விமானத்தின் மூக்கில் இருக்கும் விசிறியைக் கையால் சுற்றி அந்த எண்ணெயை விரட்ட வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வரிசையாக நிற்போம். ஒருவர் விசிறியின் ஓர் இறகைத் தள்ளிவிட்டு விலகி வரிசையின் வாலுக்குப் போவார், அடுத்தவர் அடுத்த இறகைத் தள்ளுவார். ஒரு காலத்தில் வரிசை கொட்டகைக் கதவுவரை நின்றது. ஊர் வம்பெல்லாம் அங்கேதான் கை மாறும். பிறகு சிலர் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள், சிலர் கல்லறைக்கு. இப்போது சனிக்கிழமைகளில் டெல்மாவும் நானும் மட்டும்தான். நான் தள்ளிவிட்டுச் சுற்றி வருவதற்குள் அவள் தள்ளி முடித்திருப்பாள்.

"நகருப்பா சாண்டி, பின்னாடி வரிசை நிக்குது," என்பாள். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

(சந்தானம் என்கிற என்னை இந்த ஊர் முதல் குளிர்காலத்திலேயே சாண்டி ஆக்கிவிட்டது. வீட்டில் என்னைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டவளும் இப்போது இல்லை. இந்தக் குறிப்பு கதைக்குத் தேவையில்லை. பிறகு எடுத்துவிடுவேன்.)

3

[டெல்மாவுக்கும் ஓரெஸ்டுக்கும் பழைய காதல் ஒன்று இருந்ததாக இங்கே எழுதியிருந்தேன். அவள் கண்ணில் பட்டால் என்னை இறக்கையில் கட்டிக்கொண்டு பறப்பாள். நீக்கப்பட்டது.]

4

ஓரெஸ்ட் ஹலுஷ்கா எங்கள் அருங்காட்சியகத்தின் காப்பாளர். மேபலை நிறுத்தச் சொல்கிற அணியின் தலைவர். அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. போன கோடையில் வேறோர் ஊரில் வேறோர் அருங்காட்சியகத்தின் விமானம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கண்ணெதிரே விழுந்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள். வேடிக்கை பார்த்த அந்தக் கூட்டத்தில் ஓரெஸ்டும் நின்றிருந்தார்.

போன வாரம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை விருந்து. ஓரெஸ்ட் தட்டோடு வந்து டெல்மாவுக்கும் எனக்கும் எதிரே உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு தடவை பறந்து வர்றப்பவும் எதையாவது கழட்டிட்டுப் புதுசு போடறோம். இப்படியே போனா மேபல்ல பழசுன்னு மிஞ்சப் போறது பேரு மட்டும்தான்."

"உன் முழங்கால் மூட்டுகூடத்தான் புதுசு," என்றாள் டெல்மா. "உன்னையும் கண்ணாடிக்குள்ள நிறுத்திடலாமா?"

"நான் ஆகாசத்துல குட்டிக்கரணம் போடறதில்லையே."

"தரையிலயே நீ ஒழுங்கா நடக்கறதில்ல."

மேசையே சிரித்தது. ஓரெஸ்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"விமானம் போனா போகுது டெல்மா. உன்னைப் பொறுக்கி எடுக்க என்னால வர முடியாது."

காபியைக் குடித்துவிட்டு அவரவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனோம்.

5

முடிவு அ: நான் பறக்கட்டும் என்று கை தூக்குகிறேன். சனிக்கிழமை. டெல்மா ஏறிப் போகிறாள். மஞ்சள் சிறிதாகி, புள்ளியாகி, மேகத்துக்குப் பின்னால்

(இதற்கு மேல் எழுத வரவில்லை. இரண்டு நாளாக அவள் மேகத்துக்குப் பின்னாலேயே இருக்கிறாள்.)

முடிவு ஆ: நிறுத்தலாம் என்று கை தூக்குகிறேன். துருப்பிடிக்காமல் இருக்க எஞ்சினுக்குள் கெட்டியான எண்ணெய் பூசி மூடுகிறார்கள். இனி விசிறியைத் தொடக் கூடாது. ஒரு முறை சுற்றினாலும் பூசியது வழிந்து, அந்த இடத்தில் துரு ஏறும். இதற்கு ஒரு பலகையும் மாட்டியாகிவிட்டது. சனிக்கிழமை நான் போகும்போது டெல்மா எனக்கு முன்பே வந்து நிற்கிறாள். கையுறையைக் கழற்றுகிறாள். பழக்கதோஷத்தில் ஓர் இறகைத் தள்ளிவிடுகிறாள். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாள்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்சம் அழுதேன். நன்றாக எழுதிவிட்டோம் என்கிற திருப்தியும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

6

இன்று மதியம் இதுவரை எழுதியதை டெல்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். வெளியே பனி.

"அந்தக் காதலை எடுத்தியே, பிழைச்சே," என்றாள். "முதல் முடிவுல நான் இறங்கவே இல்லையே?"

"எழுத வரலை டெல்மா."

"எனக்கு இறங்க வரும். அதை நீ எழுத வேண்டாம்."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது பொய். பூசி மூடின எஞ்சினை நான் எதுக்குத் தொடப் போறேன்? அது தெரியாமலா இத்தனை வருஷம் ஓட்டினேன்? நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். வின்னிபெக்ல அக்கா இருக்கா, அவகூடச் சீட்டாடிட்டு இருப்பேன்." கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தாள். "விசிறியைத் தள்ளப் போறது நீதான் சாண்டி. சனிக்கிழமையானா உனக்குப் போக வேற இடம் இல்ல."

நான் காகிதங்களை மடித்துக்கொண்டேன்.

"திட்டறதுக்காகச் சொல்லல," என்றாள். "நாளைக்கு எந்தப் பக்கம் வேணாலும் கை தூக்கு. எனக்காகத் தூக்கறதா மட்டும் சொல்லிக்காதே."

7

ஆக, டெல்மா என்று நான் எழுதிவந்த தனிமை அவளுடையது இல்லை. அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டு முதலிலிருந்து எழுதலாம். ஆனால் விடிந்தால் கூட்டம்.

பறக்கட்டும் என்று தூக்கினால், டெல்மாவின் உயிரைப் பணயம் வைத்து என் சனிக்கிழமைகளை வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்று தூக்கினால், நான் பயப்படுகிறேன் என்பதற்காக அவளை இறக்கிவிடுகிறேன். என் கை எந்தப் பக்கம் போனாலும் அதில் நான்தான் இருக்கிறேன். நான் இல்லாத ஒரு கையை எங்கே போய்த் தேடுவது?

அதனால் முடிவு இ இல்லை. எங்கள் வழக்கப்படி என் இறகைத் தள்ளிவிட்டு விலகிக்கொள்கிறேன்; இனி இதைப் படிக்கிற உங்கள் முறை. மேபலை நீங்கள் பார்த்ததில்லை, டெல்மாவோடு பெரோகி சாப்பிட்டதில்லை, சனிக்கிழமை உங்களுக்குப் போக வேறு இடம் இருக்கலாம். அடுத்த இறகு உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. கையுறையைக் கழற்றுங்கள்.

அவசரமில்லை. உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, நான் மட்டும்தான்.