உணவு தயாரித்த கிறிஸ்டினுக்கு நன்றி

...உணவு தயாரித்த கிறிஸ்டினுக்கு நன்றி, அவ்வளவுதானாம், அதுவும் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், நுண்ணோக்கி திருத்தியவருக்குப் பிறகு. மூன்றாம் தடவையாகப் போனை உருட்டிப் பார்க்கிறேன், மேலே எங்காவது என் பெயர் இருக்காதா என்று... வெட்கமில்லையா எனக்கு? கையில் அகப்பை, அடுப்பில் ஆய்வுகூடத்துப் பழ ஈக்களுக்கான சோளமாக் கூழ், கிண்டுவதை நிறுத்தினால் கட்டிபடும், யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் காலையிலிருந்து அசையாமல் நிற்கிறது, அதற்கென்ன கவலை, அதற்கு றுமானாவைத் தெரியாது. பக்கத்து அறையில் அவளுடைய இந்த ஆய்வுக் கட்டுரைக்காகக் கேக் வந்திருக்கிறது, மூதூரிலிருந்து அவள் உம்மா அனுப்பிய வட்டிலப்பமும். ஆறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோமே, அவளுக்குக் காய்ச்சல் என்றால் அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து ரசம் கொண்டுவந்தவள் நானல்லவா... சரி, ரசத்தைக் கட்டுரையில் எழுத மாட்டார்கள். ஆனால் ஈயின் புழுவை ஊசி நுனியால் கிழித்து, தூசு மாதிரி இருக்கிற அந்த இரத்தச் சுரப்பியை எடுத்துக் கொடுத்தது யார்? அதன் ஓரத்தில் சில உயிரணுக்கள் இருந்து மற்ற இளம் அணுக்களைப் பொறு, பொறு என்று அடக்கிக்கொண்டிருக்கும், அந்தக் கட்டளை நின்றால் எல்லாம் அவசரப்பட்டு இரத்த அணுக்களாக முற்றிவிடும், கையிருப்பே மிஞ்சாது. றுமானா ஒரு மரபணுவை முடக்கிய புழுக்களில் அப்படித்தான் முற்றிக் கிடந்தன. 'இஞ்ச வாரும் றுமானா, ஒண்டும் மிச்சமில்லை!' என்று முதலில் கத்தியவள் நான். ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அதே கைதானே என் பெயரை வெட்டியது, பாவி.

'கிறிஸ்டின் அக்கா, கேக் வெட்டப் போறம், வாங்களேன்.' வாசலில் அவளேதான். 'கூழ் அடிப்பிடிச்சிடும், நீங்க வெட்டுங்கோ' என்கிறேன். நீர் என்று கூப்பிட்ட வாய் நீங்கள் என்றதும் அவள் முகம் வாடுகிறது, வாடட்டும். 'பேராசிரியர்தான் பேரை எடுக்கச் சொன்னவர் அக்கா, உங்களுக்கு டிகிரி இல்லையெண்டு. நான் கதைச்சுப் பாத்தனான்.' போய்விட்டாள். கதைத்துப் பார்த்தாளாம்! நானென்றால் சண்டை பிடித்திருப்பேன்... பிடித்திருப்பேனா? ஈஸ்ற் பைக்கற்றைப் பிரித்துக் கூழில் கொட்டுகிறேன், ஈக்களுக்குச் சத்தே அதுதான், இப்போது வேண்டிய மட்டும் கிடைக்கிறது, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் ஒரு பிடிதான் மிஞ்சியிருந்தது. சாதாரண ஈக்கள் அழிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமிருக்காது என்று அவற்றின் போத்தல்களுக்கு அதைப் போட்டேன், மரபணு முடக்கிய ஈக்களுக்கு வெறும் சோளமா. இரண்டும் உயிரோடிருக்கின்றன என்று சந்தோஷப்பட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. பட்டினி கிடந்த புழுவிலும் அந்த அணுக்கள் இப்படித்தான் பொறுக்காமல் முற்றும் என்று பிறகுதான் வாசித்தேன். அப்படியென்றால் நாங்கள் பார்த்தது மரபணுவையா, பசியையா? கட்டுரை அனுப்புவதற்கு முதல்நாள் றுமானா கேட்டாள், 'அக்கா, எல்லாப் போத்தலுக்கும் ஒரே சாப்பாடுதானே?' அன்றைக்கு என் பெயர் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். ஏன் சொன்னேன்? இப்போது பெயரும் இல்லை, போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்... அந்தப் பக்கம் கைதட்டுகிறார்கள். முதல் பக்கத்தில் அவளுடைய பெயரோடு நிற்கிற பொய் என்னுடையது, அது அவளுக்கு இன்னும் தெரியாது.