ஜங்கான் மாரி

மலாக்காவின் காஜா பேராங்கில் மூன்று இனத்துச் சனங்களை ஒரே முள்கம்பிக்குப் பின்னால் காவலுக்கு நிறுத்துவது, தவளைகளைத் தராசில் நிறுக்கிற வேலை என்று ஊரே சிரித்தது. செய்து காட்டியவன் ரோடு கங்காணி சேதுபதி. புக்கிட் காதில் என்ற ஊரின் மலாய்க்காரர்கள், மலாக்கா செட்டிகள், ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள் என்று வீட்டுக்கு ஒரு ஆளாகப் பிடித்துவந்து ஊர்க்காவல் படை அமைத்தான்.

சண்டை வந்தது வார்த்தையில்தான். செட்டிகள் கும்பிடுவது மாரியம்மனை, பேசுவதோ மலாய். தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். கடைசியில் சேதுபதியே முடிவு கட்டினான். இருட்டில் யார் வந்தாலும் 'பெர்ஹெந்தி', அதாவது நில் என்று மூன்று தடவை கத்த வேண்டும். நிற்காவிட்டால் சுட வேண்டும். எல்லாருக்கும் அது ஒன்றுதான் வார்த்தை.

அவன் இத்தனை பாடுபட்டது ஊருக்காக என்று சொன்னால் பொய். அவன் மனைவி ருக்மணி கப்பலில் வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. காட்டிலிருந்து துப்பாக்கியோடு வருகிறவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தையே வெட்டிப்போட்டதைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அவன் கற்றுக்கொடுத்த முதல் மலாய் வார்த்தையே பெர்ஹெந்திதான். அவன் சொல்லும்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே அசையாமல் நிற்பாள்.

அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வந்தார்கள். முதலில் தோட்டத்து லயத்து வீடுகள் எரிந்தன. பிறகு காவல் மேட்டின் மேல் குண்டுகள் விழுந்தன. செட்டி இளைஞன் ராஜரத்தினத்தின் தோளோடு தோளாக நின்ற மலாய்க்காரன் ஒஸ்மானுக்குத் தொண்டையில் குண்டு பாய்ந்தது. பீறிட்ட இரத்தம் ராஜரத்தினத்தின் கண்ணையே மறைத்தது.

சேதுபதி கீழே சாக்கடையில் வந்தவர்களில் ஒருவனோடு புரண்டுகொண்டிருந்தான். அந்த ஆளின் பாராங்கத்தி சேதுபதியின் காதைக் கிழித்தது. சேதுபதி துப்பாக்கிக் கட்டையால் அவன் முகத்தில் இடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. அந்த ஆள் அடங்கிய பிறகும் இரண்டு முறை இடித்தான். அதில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது.

அப்போதுதான் மேலே ராஜரத்தினம் கத்துவது கேட்டது. புகைக்குள்ளிருந்து ஓர் உருவம் கையில் வெட்டுக்கத்தியோடு ஓடிவந்தது.

"ஜங்கான் மாரி! ஜங்கான் மாரி!"

வராதே, வராதே என்று மலாயில். பயத்தில் பையனுக்குப் பேசிவைத்த வார்த்தை மறந்து, வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. சேதுபதி சாக்கடையிலிருந்து மேலே ஏறினான். புகைக்குள்ளிருந்து பதில் தமிழில் வந்தது.

"மாரியம்மா! தாயே! இதோ வந்துட்டேன்!"

"ருக்மணி, நில்லு!" என்று அவன் அலறியதும் துப்பாக்கி வெடித்ததும் ஒன்றாகவே நடந்தன.

வயிற்றில் பட்டிருந்தது. அவன் அவளை மடியில் போட்டு, பொங்கிய இரத்தத்தை இரண்டு கையாலும் அழுத்தினான். அது விரலிடுக்கில் வழிந்தது.

"நம்ம ஆளுங்கன்னு நெனச்சேங்க," என்றாள். "மாரி, மாரின்னு சாமியக் கூப்பிட்டாங்களே." அவ்வளவுதான். அதற்கு மேல் அவளுக்கு மூச்சில்லை.

ராஜரத்தினம் பக்கத்தில் வந்து நின்றான். தமிழ் அவனுக்கு எங்கே புரியும்? "அபா டியா சாக்காப், அபாங்?" என்று கேட்டான். என்ன சொன்னாள், அண்ணா?

சேதுபதி துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான். அந்த முகத்தையும் நொறுக்கிவிடத்தான் ஓங்கினான். ஒஸ்மானின் இரத்தம் காய்ந்த அந்த முகத்தைப் பார்த்ததும் கை இறங்கவில்லை. அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னான். கேட்டுவிட்டு ராஜரத்தினம் தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தான்.

புகைக்குள் இன்னோர் உருவம் ஓடிவந்தது. பையன் துப்பாக்கியைத் தொடவே இல்லை. மற்றவர்கள் சிதறிப் போயிருந்தார்கள்; காவல் மேட்டில் குரல் கொடுக்க வேறு ஆளும் இல்லை.

"பெர்ஹெந்தி! ஜங்கான் மாரி! நில்லு, வராதே!" என்று சேதுபதி தொண்டை கிழியக் கத்தினான்.

அந்த உருவம் அப்படியே நின்றது. "சுடாதீங்கய்யா," என்று தமிழில் கெஞ்சியது. அப்போதுதான் சேதுபதிக்கு அழுகை வந்தது.